தையல் பிரித்தாச்சு, விரல் மடங்கவில்லை: ராகி அறுப்பில் வெட்டுப்பட்ட கைக்கு என்ன செய்வது?

கேள்வி: நான் பென்னாகரம் பக்கத்துக் கிராமம். தருமபுரியில் கல்லூரியில் படிக்கிறேன். என் அம்மாவுக்கு வயது 44. மார்கழி முதல் வாரத்தில் கொல்லையில் ராகிக் கதிர் அறுக்கும்போது கருக்கரிவாள் இடது கையில் பட்டு, சுண்டுவிரலும் மோதிர விரலும் அடிப்பக்கத்தில் வெட்டுப்பட்டுவிட்டன. காப்பித்தூளை அப்பி, துண்டைச் சுற்றி, பக்கத்து ஊர் கிளினிக்குக் கூட்டிப் போனோம். தையலும் டிடி ஊசியும் போட்டு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்துத் தையல் பிரித்தபோதுதான் இரண்டு விரலும் மடங்கவில்லை என்று தெரிந்தது. பெரிய மருத்துவமனைக்குப் போனோம். உள்ளே தசைநாணும் நரம்பும் அறுந்திருப்பதாகச் சொல்லி, காயம் பட்ட 12-ஆவது நாள் ஆபரேஷன் செய்தார்கள். இப்போது நான்கு வாரம் ஆகிறது. கையின் பின்பக்கம் ஒரு கட்டு போட்டிருக்கிறார்கள். பிசியோதெரபிக்கு வாரம் ஒருமுறை வரச் சொன்னார்கள். ஒரு தடவை போனோம். இரண்டு பஸ் மாற வேண்டும், அப்பாவுக்குக் கூலி போகிறது, அதோடு நின்றுவிட்டோம். உள்ளே போட்ட தையல் அறுந்துவிடும் என்று பயந்து அம்மா விரலை அசைப்பதே இல்லை. மாமா ஒரு ரப்பர் பந்து வாங்கி வந்து அழுத்தச் சொல்கிறார். எண்ணெய் போட்டு நீவி விட்டால் சரியாகும் என்று அத்தை சொல்கிறார். சுண்டுவிரல் மரத்தே கிடக்கிறது. ஆபரேஷன் தோற்றுவிட்டதா? அம்மா எப்போது பால் கறக்கலாம், களி கிண்டலாம்?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

விளக்கமெல்லாம் பிறகு. உடனே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பந்தை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். நீவி விடவும் இப்போது யாரும் கை வைக்க வேண்டாம். கட்டை நீங்களாகக் கழற்ற வேண்டாம். இந்த வாரமே, அடுத்த வாரம் என்று தள்ளாமல், ஆபரேஷன் செய்த இடத்துக்கே அம்மாவைக் கூட்டிப் போங்கள். "நான்கு வாரமாக விரலை அசைக்கவே இல்லை" என்று மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து, வீட்டில் பயிற்சி செய்ததாகச் சொல்லிவிடாதீர்கள். கைக் காயங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். நான்கு வாரம் அசையாமல் இருந்த கைக்கும், முதல் வாரத்திலிருந்தே அசைத்த கைக்கும் நாங்கள் கொடுக்கும் பயிற்சி ஒன்றல்ல. உண்மை தெரிந்தால்தான் சரியானதைக் கொடுக்க முடியும்.

ஆபரேஷன் தோற்றுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது விரல் மடங்கவில்லை என்பதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பெரும்பாலும் தையல் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கும். அசையாமல் கிடந்ததால் தசைநாண் சுற்றியுள்ள சதையோடு ஒட்டிப் போயிருக்கலாம், மூட்டுகள் இறுகியிருக்கலாம். இதற்கெல்லாம் இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால் நிறைய நேரம் இல்லை. அதனால்தான் இந்த வாரமே என்கிறேன்.

அம்மாவின் பயம் நியாயமானது. அது எங்கே சரி, எங்கே தவறு என்று புரிந்தால் அவரே பயிற்சியைச் செய்வார்.

விரலை மடக்கும் தசை விரலில் இல்லை, முழங்கைக்குக் கீழே முன்கையில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் கயிறு போன்ற தசைநாண்கள் மணிக்கட்டையும் உள்ளங்கையையும் தாண்டி விரலுக்குள் போகின்றன. பொதுவாக ஒவ்வொரு விரலுக்கும் இரண்டு. மேலாக ஓடுவது நடு மூட்டை மடக்கும், ஆழத்தில் ஓடுவது நுனி வரை போய் நுனி மூட்டை மடக்கும். விரலுக்குள் இந்த இரண்டும் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. சைக்கிள் பிரேக் வயர் அதன் குழாய்க்குள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்களே, அப்படி. வயர் அறுந்தாலும் பிரேக் பிடிக்காது, அறுபடாமல் குழாய்க்குள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டாலும் பிடிக்காது. அம்மாவுக்கு வெட்டுப்பட்ட இடம் விரலின் அடிப்பக்கம். இரண்டு தசைநாணும் நெருக்கிக்கொண்டு அந்த உறைக்குள் ஓடும் இடம் அதுதான். கை அறுவை சிகிச்சையில் மிகக் கடினமான பகுதிகளில் ஒன்று அது. ஒரு காலத்தில், இந்த இடத்தில் அறுந்தால் உடனே தைக்காமல் விடுவதே மேல், பிறகு வேறு இடத்திலிருந்து தசைநாண் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றே உலகம் முழுக்கப் பல மருத்துவர்கள் நினைத்தார்கள். தைத்தாலும் ஒட்டிக்கொள்ளும் என்பதுதான் காரணம். பின்னாளில் தையல் முறை மேம்பட்டது. அதைவிட முக்கியமாக, தைத்த சில நாட்களிலேயே விரலை அளவாக அசைக்கத் தொடங்கினால் ஒட்டுவது குறைகிறது என்று தெரிந்தது. இந்த இடத்தில் தைக்கும் துணிச்சல் வந்ததே அதற்குப் பிறகுதான்.

அசைவு நிறைய தேவையில்லை. உறைக்குள் தசைநாண் மூன்று, நான்கு மில்லிமீட்டர் முன்னும் பின்னும் நகர்ந்தாலே இறுக்கமான ஒட்டு விழுவது வெகுவாகக் குறையும். அதே நேரம், தைத்த முதல் சில வாரங்களில் அந்தத் தசைநாணுக்குச் சொந்த பலம் என்று எதுவும் இல்லை, நூல்தான் பிடித்து நிற்கிறது. முதல் மூன்று வாரங்களில் தைத்த முனைகள் இளகிப் போய், பிடிப்பு இன்னும் குறைவது உண்டு. அப்புறம்தான் புது நார்கள் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக உறுதி ஏறும். ஆறு வாரத்தில் லேசான வேலையைத் தாங்கும். பாரம் தாங்க 12 வாரம் ஆகும். ஆகவே அம்மாவின் பயம் பந்து விஷயத்தில் முழுக்கச் சரி. பந்தை அழுத்துவது என்றால் தைத்த இடத்தை முழு பலத்தோடு இழுப்பது. நான்காவது வாரத்தில் அது தையலை அறுத்துவிடலாம். மாமா பாசத்தில் வாங்கி வந்திருக்கிறார், தெரியும். கையில் அடிபட்டவர்களுக்கு எல்லோரும் முதலில் வாங்கிக் கொடுப்பது பந்துதான். எனக்கு அந்தப் பந்தின் மேல் நம்பிக்கை குறைவு. தையல் நன்றாகப் பிடித்த பிறகும்கூட, கைக்குள் பந்து இருந்தால் விரல் பாதிதான் மடங்கும், உள்ளங்கையைத் தொடாது. நமக்கு வேண்டியது முழுதாக மடங்கும் விரல். பலம் பிறகு தானாக வரும்.

ஆனால் சும்மா வைத்திருப்பதில் பயம் தவறான பக்கம் போய்விட்டது. கட்டைக் கையின் பின்பக்கம் போட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது காரணத்தோடு போட்டது. விரல்கள் பின்னால் அதிகம் நிமிர்ந்து தையலை இழுத்துவிடாமல் அது ஒரு கூரை மாதிரி தடுக்கிறது. முன்பக்கத்தைத் திறந்து விட்டிருப்பதே விரலை மடக்கிப் பழகத்தான். வழக்கமான முதல் பயிற்சி இது: கட்டு போட்டபடியே, வலது கையால் அடிபட்ட விரலை மெதுவாகப் பிடித்து உள்ளங்கை வரை மடக்க வேண்டும். ஒவ்வொரு மூட்டாகவும் மடக்க வேண்டும், எல்லாவற்றையும் சேர்த்தும் மடக்க வேண்டும். பிறகு கையை விட்டுவிட்டு, விரலைத் தன் முயற்சியால் கட்டின் கூரையைத் தொடும் வரை நிமிர்த்த வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் பத்துப் பத்தாக. வலது கை மடக்குவதால் தைத்த தசைநாணுக்கு வேலை கிடையாது, ஆனால் அது உறைக்குள் நகர்ந்து கொடுக்கும். ஆபரேஷன் செய்தவர் எத்தனை இழைத் தையல் போட்டார், எவ்வளவு உறுதி என்று பார்த்து, சிலருக்கு விரலைத் தானாகவே லேசாக மடக்கும் பயிற்சியையும் ஆரம்பத்திலேயே கொடுப்பார்கள். உங்களுக்கு முதல் தடவை சொல்லிக் கொடுத்ததும் இப்படி ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும். நான்கு வாரம் கடந்த நிலையில் அம்மாவின் பயிற்சியை அடுத்த கட்டத்துக்கு மாற்றச் சொல்வார்கள். கையைப் பார்க்காமல் அதை நான் இங்கே எழுதக்கூடாது. நேரில் தொட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டியது அது.

அம்மாவிடம் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள். அக்கா, நீங்கள் விரலை அசைத்தால் உள்ளே சுருக்கென்று இழுப்பது போல இருக்கும். அது தையல் அறுவது இல்லை, ஒட்டிக்கொண்ட இடம் நகர்வது. பயிற்சி முடிந்து கொஞ்ச நேரத்தில் அந்த வலி அடங்கிவிட்டால் கவலை வேண்டாம். திடீரென்று "டப்" என்று ஏதோ விட்டது போல உணர்ந்து, முன்பு கொஞ்சமாவது மடங்கிய விரல் அப்படியே நின்றுபோனால், அன்றைக்கே கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அறுந்தாலும் சில நாட்களுக்குள் போனால் மறுபடி தைக்கச் சந்தர்ப்பம் உண்டு. அப்புறம் ஒன்று. தரையில் உட்கார்ந்துவிட்டு எழும்போது இடது கையை ஊன்றி எழுகிறீர்களா? நம் வீடுகளில் எல்லோரும் அப்படித்தான் எழுகிறோம். அது வேண்டாம். கொஞ்ச நாளைக்கு நாற்காலியிலோ திண்ணையிலோ உட்காருங்கள். தூங்கும்போதும் கட்டு இருக்கட்டும். தூக்கத்தில் கை என்ன செய்கிறது என்று நமக்குத் தெரியாது.

கையைத் தூளியில் தொங்கவிட்டே வைத்திருந்தால் இன்னொரு சிக்கலும் வரும். தோள் இறுகிவிடும். விரலுக்கு வைத்தியம் பார்க்கப் போய், தலை சீவக் கை தூக்க முடியாமல் வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். தினமும் மூன்று நான்கு முறை கையைத் தலைக்கு மேலே தூக்கி இறக்கச் சொல்லுங்கள், முழங்கையை மடக்கி நீட்டச் சொல்லுங்கள். வீக்கம் இருந்தால், படுக்கும்போது கையைத் தலையணை மேல், நெஞ்சைவிட உயரத்தில் வைக்க வேண்டும். வீங்கிய விரல் மடங்காது. பொதுவாக எல்லா விரல்களிலும் முதலில் கெட்டுப்போவது நடு மூட்டு. அது வளைந்தபடியே இறுகிவிட்டால், தசைநாண் நன்றாக இருந்தாலும் விரல் நிமிராது. அதனால் மடக்குவதில் காட்டும் அக்கறையைக் கூரை வரை நிமிர்த்துவதிலும் காட்ட வேண்டும்.

இனி அந்த மரத்துப்போன சுண்டுவிரல். விரலின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நரம்பு ஓடுகிறது. அறுந்த நரம்பைத் தைப்பது அதன் உறையைச் சேர்த்து வழி அமைப்பதுதான். உள்ளே இருக்கும் இழை, வெட்டுப்பட்ட இடத்திலிருந்து புதிதாக வளர்ந்து நுனிக்குப் போய்ச் சேர வேண்டும். அது தொடக்கத்தில் சில வாரம் தாமதிக்கும், பிறகு நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரும். விரலின் அடியிலிருந்து நுனி வரை ஆறு ஏழு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், உணர்ச்சி நுனிக்கு வரக் குறைந்தது மூன்று நான்கு மாதம் ஆகலாம். நான்கு வாரத்தில் மரத்திருப்பது எதிர்பார்த்ததே. தழும்பின் மேலிருந்து நுனியை நோக்கி விரலால் லேசாகத் தட்டிக்கொண்டே போனால், ஓர் இடத்தில் கரண்ட் அடித்த மாதிரி சுரீர் என்று இருக்கும். மாதா மாதம் அந்த இடம் நுனியை நோக்கி நகர்ந்தால் நரம்பு வளர்கிறது என்று அர்த்தம். சில சமயம் எறும்பு ஊர்வது போலவும், ஊசி குத்துவது போலவும் இருக்கும். அம்மா பயப்படத் தேவையில்லை. 44 வயதில் உணர்ச்சி முன்பு இருந்ததுபோல முழுக்க வரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். சூடு, குளிர், கூர்மை தெரியும் அளவுக்கு வருவதே பெரிய பாதுகாப்பு.

அதுவரைக்கும் அந்த விரல் சுடுவதை அறியாது. இதை வீட்டில் எல்லோரும் மனதில் வைக்க வேண்டும். நம் பக்கத்தோடு தொடர்புடைய ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) 1940-களின் இறுதியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கினார். வேலை செய்யும் தசைநாண் ஒன்றை எடுத்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்ய வைக்கும் முறை அது. அந்த நோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழுகின்றன என்று அப்போது எல்லோரும் நம்பினார்கள். அவர் கூடவே இருந்து கவனித்துப் பார்த்தபோது, வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடிப்பது, கடினமான பிடியை அழுத்திக்கொண்டே இருப்பது, புண்ணோடு வேலை செய்வது போன்றவற்றால்தான் விரல்கள் கெட்டன என்று தெரிந்தது. மரத்த கைக்குக் கண்தான் காவல் என்ற பாடம் அங்கிருந்து வந்தது. தைத்த பிறகு கையைப் பழக்குவதற்கு அறுவை சிகிச்சைக்கு நிகரான இடத்தை அந்த வேலூர் குழு கொடுத்தது. நாங்கள் இன்று செய்யும் வேலைக்கும் அதுவே அடிப்படை.

எனவே அம்மா இடது கையால் டீ டம்ளர், தோசைக்கல், அடுப்புப் பக்கப் பாத்திரம் எதையும் தொட வேண்டாம். தினமும் இரவு அந்த இரண்டு விரல்களையும் வெளிச்சத்தில் பார்த்து, கொப்புளமோ சிவப்போ இருக்கிறதா என்று நீங்கள் கவனியுங்கள். இந்தத் தை மாதப் பனியில் இன்னொன்றும் வரும். நரம்பு அடிபட்ட விரல் குளிரைத் தாங்காது, விடியற்காலையில் நிறம் மாறி விண்விண்ணென்று வலிக்கும். ஓசூர் பக்கத்தில் இருப்பவர்கள் இதை அதிகம் சொல்வார்கள். கம்பளிக் கையுறையோ, சுத்தமான பழைய சாக்ஸோ கட்டின் மேலே மாட்டிவிட்டால் போதும். இது ஒன்றிரண்டு வருடம் கூட இருக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

அத்தையின் எண்ணெய்க்கும் ஓர் இடம் உண்டு. முன்கையிலிருந்து விரல் வரை அழுத்தி இழுத்து நீவுவது இப்போது ஆபத்து. ஆனால் காயம் முழுக்க ஆறி, மேலே பொருக்கு இல்லாமல் ஆன பிறகு, தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தழும்பின் மேல் மட்டும் கட்டைவிரலால் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்து விடுவது நல்லது. அப்போதும் விரலைப் பின்னால் இழுக்கக் கூடாது. பிசியோதெரபிஸ்ட் சரி என்றதும் அத்தையையே அதைச் செய்யச் சொல்லுங்கள், நாளைக்கு நான்கைந்து தடவை, ஐந்து ஐந்து நிமிடம். கட்டு கழன்ற பிறகு, தொட்டாலே கூசும் இடத்தைப் பஞ்சால், பிறகு துணியால், பிறகு சொரசொரப்பான துண்டால் தடவிப் பழக்க வேண்டும். ஓர் அகலப் பாத்திரத்தில் ராகியைக் கொட்டி அதற்குள் கையை விட்டு அளைவதும் அருமையான பயிற்சி. உங்கள் வீட்டில் அதற்குப் பஞ்சம் இருக்காது.

சாப்பாட்டுப் பத்தியம் வேண்டாம். முட்டை, மீன், கத்திரிக்காய் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று நிறுத்தியிருந்தால் மறுபடி கொடுங்கள். புண் ஆறப் புரதம் தேவை. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால், இந்த மூன்று மாதமாவது விட்டுவிடச் சொல்லுங்கள். விரலுக்குப் போகும் மெல்லிய ரத்தக் குழாய்களை அது சுருக்கும். சர்க்கரை இதுவரை பார்த்ததில்லை என்றால் பார்த்துவிடுங்கள்.

வேலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆபரேஷன் மார்கழி நடுவில் நடந்திருக்கிறது. ஆறு வாரம் முடிந்து மருத்துவர் பார்த்து, கட்டை எடுக்கலாம் என்றால், சட்டைப் பட்டன் போடுவது, துணி மடிப்பது, சோறு பிசைவது போன்ற லேசான வேலைகளுக்கு இடது கையையும் சேர்த்துக்கொள்ளலாம். எட்டு வாரம் வாக்கில் புளியில் கொட்டை எடுப்பது, கடலை உரிப்பது போன்றவை. புளி சீசன் அப்போதுதான் தொடங்கும். உட்கார்ந்து நார் உரிக்கட்டும், கட்டையால் அடிக்க வேண்டாம். பால் கறப்பது விரலால் அழுத்திப் பிழியும் வேலை, அதற்குப் பத்து வாரத்துக்கு மேல் ஆகும், பத்து முதல் பன்னிரண்டுக்குள் கையைப் பார்த்துச் சொல்வார்கள். களி கிண்டுவது, தண்ணீர்க் குடம், கடப்பாரை, அரிவாள் எல்லாம் 12 வாரம் முடிந்து, பங்குனி நடுவில்தான். வீட்டில் ஆண்கள் இருக்கிறார்கள் அல்லவா? அதுவரை களியை அப்பாவோ தம்பியோ கிண்டட்டும். நான் பார்த்த வரையில், நம் பக்கத்துப் பெண்களின் கை ஆபரேஷனுக்குப் பிறகு கெட்டுப்போவதற்குப் பெரிய காரணம் வீட்டு வேலையை யாரும் பங்குபோட்டுக்கொள்ளாததுதான். இரண்டாவது வாரத்திலேயே ஒரு கையால் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுகிறார்கள், "சும்மாதானே இருக்கிறாய்" என்று யாரோ ஒருவர் சொல்லிவிடுவதால். பயிற்சிக்கு மணிக்கு ஒரு தடவை உட்கார அம்மாவுக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை வீடுதான் கொடுக்க வேண்டும்.

பஸ் செலவும் கூலியும் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கிருந்து தருமபுரிக்கு வந்து திரும்பினால் ஒரு நாளே போய்விடுகிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. அதில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையாளர்களும் உண்டு. உங்கள் ஊர் சுகாதார நிலையத்திலோ, வீடு வீடாக மாத்திரை கொடுக்க வரும் பெண்ணிடமோ கேளுங்கள். வாரா வாரம் தருமபுரி போக முடியாவிட்டாலும், மருத்துவமனையில் எழுதிக் கொடுக்கும் பயிற்சிச் சீட்டை அவரிடம் காட்டினால் இடையில் பார்த்துக்கொள்ள முடியும். சீட்டு இல்லாமல் அவரிடம் கையை நீட்ட வேண்டாம், என்ன தைத்தார்கள் என்று தெரியாமல் பயிற்சி கொடுப்பது ஆபத்து. அங்கே பயிற்சி சொல்லிக் கொடுக்கும்போது, அனுமதி கேட்டு உங்கள் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் கையையே எடுங்கள், வேறு யாருடையதையும் இணையத்தில் தேட வேண்டாம்.

எவ்வளவு தேறும் என்று நேராகச் சொல்கிறேன். இந்த இடத்தில், அதுவும் 12 நாள் கழித்துத் தைத்த விரல், ஒழுங்காகப் பயிற்சி செய்தால் பொருளைப் பிடிக்கவும், அரிவாள் பிடிக்கவும், குடத்தைத் தாங்கவும் போதுமான அளவு வரும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. நுனி உள்ளங்கையைத் தொடாமல் ஒரு விரற்கடை மிச்சம் நிற்கலாம். மூன்று முதல் ஆறு மாதம் உழைத்தும் விரல் ஒட்டியபடியே இருந்தால், ஒட்டை மட்டும் விடுவிக்கும் சின்ன ஆபரேஷன் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்து, நோயாளியையே விரலை மடக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே செய்வார்கள். அதற்கும் மறுநாளிலிருந்தே பயிற்சிதான். கை பளபளவென்று வீங்கி, எரிச்சலோடு, வியர்த்து, தொட்டாலே உயிர் போகிறது என்றால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அது வேறு மாதிரியான வலி நோய், ஆரம்பத்தில் பிடித்தால் அடங்கும்.

உங்கள் கடிதத்தைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், ஏனென்றால் அறுப்புக் காலத்தில் இது வீட்டுக்கு வீடு நடப்பது. வலது கையில் அரிவாள் என்றால் கதிரைப் பிடிக்கும் இடது கையில்தான் வெட்டு விழும், அதுவும் பெரும்பாலும் சுண்டுவிரல் பக்கம். வெளியே பார்க்க அரை அங்குலக் கீறல்தான் இருக்கும், உள்ளே தசைநாண் அறுந்திருக்கும். எனவே தையல் போடுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். ஒவ்வொரு விரலின் நுனியும் தனியாக மடங்குகிறதா, நடு மூட்டு மடங்குகிறதா, நிமிர்கிறதா, விரலின் இரண்டு பக்கமும் தொட்டால் தெரிகிறதா. ஒன்று இல்லை என்றாலும், "உள்ளே தசைநாண் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. முதல் ஓரிரு நாளில் தைப்பது நல்லது, இரண்டு வாரம் வரை நேரடியாகத் தைக்க முடிகிறது. அதற்கு மேல் தள்ளிப்போகப் போக, அறுந்த முனை உள்ளங்கைக்குள் சுருங்கிப் போய், வேறு இடத்துத் தசைநாணை எடுத்து இரண்டு கட்டமாக வைக்க வேண்டி வரும். உங்கள் அம்மா அந்த எல்லைக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறார்.

வெட்டுப்பட்டதும் காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அவை காயத்துக்குள் புகுந்து, பிறகு கழுவி எடுப்பதே பெரும்பாடு. சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தினால் பெரும்பாலான ரத்தம் நிற்கும். கயிறு போட்டு இறுக்கிக் கட்டக் கூடாது. மோதிரத்தையும் வளையலையும் உடனே கழற்றுங்கள். சுமங்கலி வளையலைக் கழற்றுவதா என்று தயங்கி, வீங்கிய பிறகு வெட்டி எடுத்ததுண்டு. மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் வழியில் காப்பி, சாப்பாடு கொடுக்க வேண்டாம்.

மாட்டுக்குத் தீவனத் தட்டு வெட்டும் மெஷின், கரும்பு ஆலை, ஓசூர் பக்கத்துப் பிரஸ் மெஷின், பர்கூர் பக்கத்துக் கிரானைட் பட்டறை, இவற்றில் விரல் துண்டாகவே போய்விடுவதும் நடக்கிறது. துண்டான விரலைச் சுத்தமான தண்ணீரில் லேசாக அலசி, ஈரத் துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். அந்தக் கவரை, ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு கவருக்குள் வையுங்கள். ஐஸ் நேராக விரலில் படக் கூடாது, பட்டால் உறைந்து கெட்டுவிடும். இப்படிக் குளிரில் வைத்த விரலை 24 மணி நேரம் வரைகூட இணைக்க முயல்வார்கள், குளிர் இல்லாவிட்டால் 12 மணி நேரத்துக்குள். மணிக்கட்டோ அதற்கு மேலோ துண்டானால் அதில் சதை இருப்பதால் ஆறு மணி நேரம்தான். 108-ஐக் கூப்பிட்டு, முதலில் பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனையில் ரத்தத்தைக் கட்டுப்படுத்துங்கள். வேலூர், பெங்களூரு, கோவை, சென்னை ஸ்டான்லி என்று மைக்ரோ சர்ஜரி (நுண்ணோக்கியில் பார்த்துச் செய்யும் அறுவை சிகிச்சை) வசதி உள்ள இடங்களில் எது ஏற்றுக்கொள்கிறது என்று அங்கிருந்தே போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். எல்லா விரலையும் இணைக்க முடியாது, நசுங்கிப் பிய்ந்து போனவை பிழைப்பது கடினம். அந்த முடிவை மருத்துவர் எடுக்கட்டும், துண்டை நீங்களே தூக்கி எறிந்துவிடாதீர்கள். தொழிற்சாலையில் நடந்தது என்றால் அன்றைக்கே விபத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீடு இருந்தால் சிகிச்சையும், வேலைக்குப் போகாத நாட்களுக்கான தொகையும், நிரந்தர ஊனம் ஏற்பட்டால் அதற்கான மாதத் தொகையும் அதில் உண்டு. ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கும் சட்டப்படி இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. உங்களைப் போல விவசாயக் குடும்பம் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் கையோடு கொண்டு போங்கள்.

தங்கை, இந்த வாரம் போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் போங்கள். இரண்டு விரலிலும் எந்தெந்தத் தசைநாண் தைத்தார்கள், ஒன்றா இரண்டா, நரம்பு எந்தப் பக்கம், கட்டு எந்தத் தேதி வரை என்று கேட்டு அதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நான்கு விவரத்தையும், விரலை மடக்கியும் நிமிர்த்தியும் எடுத்த ஒரு படத்தையும் அனுப்பினால், ஆறாவது வாரத்துக்குப் பிறகு வீட்டில் என்னென்ன செய்யலாம் என்று அம்மாவுக்குத் தனியாக எழுதுகிறேன்.